வரைகலை அட்டையா, காணொளி அட்டையா?

"உங்கள் காணொளி அட்டையைச் சரிபார்க்கவும்." ஒரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் மறுபடியும் இதே வரி. காணொளி என்றால் ஓட்டிப் பார்க்கும் படம். அதற்கு எதற்கு அட்டை என்று படிப்பவர் குழம்பத்தான் செய்வார். இங்கே சொல்லப்படுவது கணினியிலிருந்து திரைக்குக் காட்சியை அனுப்பும் பாகம், ஆங்கிலத்தில் கிராபிக்ஸ் கார்டு.

கிராபிக்ஸ் என்பதன் வேர், கிரேக்கத்தில் கீறுதல், எழுதுதல், வரைதல் எல்லாவற்றையும் குறிக்கும் வினை. நம் 'வரை'யும் அப்படித்தான். ஓவியமும் வரைகிறோம், மடலும் வரைகிறோம். கிராபிக்ஸ் கார்டுக்கு வரைகலை அட்டை மிகச் சரி.

சிக்கல் வருவது வீடியோ கார்டு என்ற இன்னொரு பெயரால். வீடியோ, இலத்தீனில் 'காண்கிறேன்'. இங்கே அது திரைக்குப் போகும் காட்சிக் குறிகையை (சிக்னல்) சுட்டுகிறது, ஓடும் படத்தை அல்ல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே ஒட்ட வேண்டுமா?

1981இல் ஐபிஎம் தன் கணினிக்கு இரண்டு அட்டைகளை வெளியிட்டது. ஒன்று எம்டிஏ (மோனோக்ரோம் டிஸ்ப்ளே அடாப்டர்). வரிக்கு 80 எழுத்து, 25 வரி, அவ்வளவுதான். தனியாக ஒரு புள்ளி வைக்கக்கூட வழியில்லை. அதையும் காணொளி அட்டை என்பதா? இன்னொன்று சிஜிஏ (கலர் கிராபிக்ஸ் அடாப்டர்). 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறங்களில் படமே வரையும். எம்டிஏவின் பெயரில் இருப்பது டிஸ்ப்ளே, சிஜிஏவின் பெயரில் கிராபிக்ஸ். பெயர் வைத்தவர்கள் அவ்வளவு கவனமாகப் பிரித்ததை மொழிபெயர்ப்பாளர் ஏன் குழப்ப வேண்டும்? இரண்டுக்கும் பொதுப்பெயர் தேவையென்றால் 'காட்சி அட்டை' இருக்கிறது. எழுத்தும் அதில் அடங்கும், படமும் அடங்கும்.

அப்புறம் விஜிஏ (வீடியோ கிராபிக்ஸ் அர்ரே). 1987இல் வந்தது, 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். இதைக் 'காணொளி வரைகலை வரிசை' என்று பெயர்க்கிறார்கள். எது வரிசையாக நிற்கிறது? முந்தைய அட்டைகளில் பல சில்லுகள் பகிர்ந்து செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கியதால்தான் பெயரில் அர்ரே வந்தது. பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். நான் விஜிஏ என்றே எழுதுவேன். தூயதமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் தவறான தமிழ்ச்சொல் தூயதமிழ் ஆகாது.

'காணொளி நினைவகம்' என்பதும் இதே பிழைதான். எம்டிஏவின் 4 கிலோபைட்டில் எழுத்துகளும் அவற்றின் தோற்றக் குறிப்புகளும் இருந்தன, விஜிஏவின் 256 கிலோபைட்டில் புள்ளிகளின் நிறங்களும் இருந்தன. காட்சி நினைவகம் என்று எழுதுங்கள்.