பின் அச்சை உடைப்பது குதிரைத்திறன் அல்ல, டயரின் பிடிப்பு

"எஞ்சின் 800 குதிரைத்திறன் தருகிறது, இந்த ஆக்சில் தாங்குமா?" ரியர் ஆக்சில் வேலை செய்யும் பட்டறைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் குதிரைத்திறனை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வண்டியின் எடை எவ்வளவு, பின்னால் என்ன டயர், புறப்படும்போது கிளட்சா டிரான்ஸ்பிரேக்கா (எஞ்சின் வேகம் ஏறும்வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பூட்டி வைத்து, ஒரே நொடியில் விடுவிக்கும் அமைப்பு) என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் சாலையிலும் டிராக் ஸ்டிரிப்பிலும் (கால் மைல் நேர்ப் பந்தயத் தடம்) ஓட்டுவதற்கென்று மிகுதியாக மாற்றியமைக்கப்படும் வண்டிகளில் ஒன்று, 1979 முதல் 1993 வரை வந்த ஃபாக்ஸ் பாடி மஸ்டாங். 1986 முதல் அதன் வி8 மாடல்களில் ஃபோர்டின் 8.8 ஆக்சில் வந்தது. கிரௌன் வீலின் (அச்சின் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரத்தின்) விட்டம் 8.8 அங்குலம், ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில் 28 ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பல்). அதையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 3,400 பவுண்ட், டயர் 28 அங்குல உயரம், அதாவது ஆரம் சுமார் 1.17 அடி என்று கொள்வோம். சாதாரணச் சாலை டயரில் பின் அச்சின் மேல் 2,200 பவுண்ட் நிற்கிறது, உராய்வுக் கெழு 1 என்றால், ஷாஃப்ட்டுகள் சேர்ந்து சுமக்கும் முறுக்கு விசை ஏறத்தாழ 2,600 பவுண்ட்-அடி. அதற்கு மேல் கொடுத்தால் டயர் சுழன்றுவிடும். அதே வண்டிக்குப் பசை பூசிய தடத்தில் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) போட்டால் முன்பக்கம் தூக்கி, எடை முழுவதும் பின்னால் வந்துவிடும், கெழுவும் 1.5-ஐத் தொடும். இப்போது ஷாஃப்ட்டுகள் மேல் வருவது 6,000 பவுண்ட்-அடி. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, சுமை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

600 பவுண்ட்-அடி தரும் எஞ்சினோடு டிஎச்400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் 2.48 முதல் கியரும் 3.73 ஆக்சில் விகிதமும் சேர்ந்தாலே 5,500 பவுண்ட்-அடி தாண்டுகிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள திரவ இணைப்பான டார்க் கன்வர்ட்டர் பெருக்குவது அதற்கும் மேலே. ஆக, எஞ்சினிடம் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. டயர்தான் ஃபியூஸ். ஸ்லிக்கோ டிராக் ரேடியலோ (சாலையிலும் ஓட்டக்கூடிய பந்தய டயர்) போடும் நாளில் ஃபியூஸைத் தடிமனாக்குகிறீர்கள், அடுத்து எரியப்போவது ஆக்சில். டிரான்ஸ்பிரேக்கை விடும் நொடியில் விழும் அடி இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

எனவே டயர் மாற்றும் முன் ஷாஃப்ட்டை மாற்றுங்கள். 28, 31, 35 ஸ்ப்ளைன் மூன்றிலும் பல்லின் அளவு ஒன்றுதான், ஆகவே பல் எண்ணிக்கை கூடும் விகிதத்திலேயே விட்டமும் கூடும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதே உலோகமாக இருந்தால், 28-லிருந்து 31-க்குப் போவதில் சுமார் 35 சதவீதம் கூடுதல் வலிமை, 35-க்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 31-க்கு மாறுபவர்கள் டிஃபரன்ஷியலையும் (திருப்பத்தில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு, சுருக்கமாக டிஃப்) சேர்த்து மாற்ற வேண்டும், 28 ஸ்ப்ளைன் டிஃபில் 31 ஷாஃப்ட் நுழையாது. சாலையில் ஓடும் வண்டிக்கு மேற்பரப்பு மட்டும் இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கிய 1541எச் எஃகு போதும். புது ஷாஃப்ட்டை மாட்டும் முன் அதன் நீளவாக்கில் பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கோடு சுருண்டிருந்தால், அந்த ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டுவிட்டது. உடையும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். 8.8-இல் ஆக்சில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது, டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்ட்டின் உள்முனையில் மாட்டிய சிறு சி-கிளிப் மட்டும்தான். வெளிப்பக்கம் இருக்கும் ரோலர் பேரிங் ஷாஃப்ட்டின் மேலேயே உருள்கிறது, பிடித்து நிறுத்துவதில்லை. கிளிப்புக்கு வெளியே எங்கே உடைந்தாலும் சக்கரமும் ஷாஃப்ட் துண்டும் சேர்ந்து வண்டியை விட்டு வெளியே வந்துவிடும். 120 மைல் வேகத்தில் அது நடந்தால் ஓட்டுநர் செய்யக்கூடியது அதிகமில்லை. கால் மைலை 10.99 நொடியிலோ அதற்கும் விரைவாகவோ முடிக்கும் வண்டிகளுக்கு தொழிற்சாலை ஷாஃப்ட்டுக்குப் பதில் வெளி நிறுவனங்கள் செய்யும் ஷாஃப்ட்டும், ஷாஃப்ட்டை வெளியே வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. வைத்திருக்கும் விதிக்குக் காரணம் இதுதான். டிஃபரன்ஷியலுக்குப் பதில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் போட்ட வண்டிக்கு, நேரம் எதுவானாலும் இந்த விதி உண்டு. 11.5 நொடி ஓட்டுபவர்களும் இதைத் தங்களுக்கான விதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. உடையும் ஷாஃப்ட் நேரப் பலகையைப் பார்த்து உடைவதில்லை.

சி-கிளிப்பை நீக்கப் போல்ட் போட்டு மாட்டும் கிட்கள் கிடைக்கின்றன. ஸ்டிரிப்பில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சரி. சாலையில் திருப்பங்களில் வரும் பக்கச் சுமையை அவற்றின் சிறிய பேரிங் நீண்ட நாள் தாங்காது, ஆயிலும் கசிந்து பிரேக்குக்குப் போகும். ஹவுசிங்கின் (ஆக்சிலின் வெளிக்கூட்டின்) பழைய முனைகளை வெட்டிவிட்டு, ஃபோர்டின் இன்னொரு ஆக்சிலான 9 அங்குலத்தின் பெரிய பேரிங் முனைகளை வெல்ட் செய்வதே நல்ல வழி. அங்கே பேரிங் ஷாஃப்ட்டின் மேல் பிரஸ் செய்யப்பட்டு, அதைப் பிடிக்கும் தகடு நான்கு போல்ட்டில் நிற்கும். இந்த வெல்டிங்கை அலைன்மென்ட் பார் இல்லாமல் செய்பவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டின் சூடு குழாயை இழுத்து வளைத்தால் சீல் நிற்காது, பேரிங் கத்தும், டயர் ஒருபக்கம் தேயும்.

8.8-இன் இன்னொரு பலவீனம் குழாய்கள். நடுவில் இருக்கும் வார்ப்பிரும்பு உடலுக்குள் எஃகுக் குழாயை அழுத்திச் செருகி, சில இடங்களில் மட்டும் பிளக் வெல்ட் வைத்திருப்பார்கள். கடுமையான புறப்பாடுகளில் குழாய் உடலுக்குள் சுழலும், பினியன் (கிரௌனைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) நிற்கும் கோணம் மாறிவிடும். சுற்றி வெல்ட் செய்யும் முன் ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றி, வார்ப்பை ஆயில் இல்லாமல் சுத்தம் செய்து, முன்சூடு கொடுங்கள். நிக்கல் ராடில் சிறு சிறு துண்டுகளாக, எதிரெதிர்ப் பக்கத்தில் மாற்றி மாற்றி வெல்ட் வைத்து, போர்வை போர்த்தி மெதுவாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் வார்ப்பு வெல்டின் ஓரத்திலேயே விரியும்.

31 ஸ்ப்ளைன், குழாய் வெல்டிங், புது முனைகள், பேரிங் கேப்பைத் தாங்கும் கவர் என்று சேர்த்துக்கொண்டே போனால், செலவு ஒரு கட்டத்தில் தகட்டால் கட்டிய 9 அங்குல ஹவுசிங்கை நெருங்கும். டிரான்ஸ்பிரேக்கும் ஸ்லிக்கும் உண்டு என்றால் முதல் நாளே 9 அங்குலத்துக்குப் போங்கள். 1957-இல் வந்த அந்த வடிவத்தில் பினியனின் உள்முனையையும் ஒரு பேரிங் தாங்குகிறது. 8.8-இல் அந்தத் தாங்கல் இல்லாததால், பளு வரும்போது பினியனும் கிரௌனும் ஒன்றையொன்று விட்டு விலகும், பல்லின் நுனி மட்டும் சுமையை எடுத்து உடையும். 9 அங்குலத்தில் பினியன் அதிகம் தாழ்ந்து உட்கார்ந்திருப்பதால் உராய்வும் சூடும் கொஞ்சம் கூடுதல். அந்த விலையைக் கொடுக்கலாம். டிராக் ரேடியலோடு, கிளட்ச் வழுக்கிப் புறப்படும் சாலை வண்டிக்கு, சரியாகக் கட்டிய 8.8 போதும்.

டிஃபரன்ஷியலில் சமரசம் செய்யாதீர்கள். ஸ்பூல் சாலைக்கு ஆகாது: ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் இழுபட்டே ஆக வேண்டும், ஷாஃப்ட் ஓயாமல் முறுக்குப்பட்டுக் களைக்கும், மழையில் வண்டியின் வால் வெளியே வரும். வெல்ட் செய்து பூட்டிய டிஃபை எந்தச் சாலை வண்டிக்கும் போடக் கூடாது.

கியர் விகிதத்தை முடிவுக்கோட்டு வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மைல் வேகத்தை விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சி வரும். 130 மைலில் 28 அங்குல டயருக்கு 3.73 விகிதம் 5,800 சுழற்சி, 4.10 விகிதம் 6,400. டாப் கியர் நேரடி விகிதம் என்றால் எஞ்சினும் அதே அளவில் சுழலும், கன்வர்ட்டர் வழுக்கல் தனி. 8.8-இல் 3.73-க்குப் பினியனில் 11 பல், 4.10-க்கு 10. விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுக்கும், வலிமையும் குறையும். பந்தயத்துக்கென வரும் 9310 எஃகு கியர் அடியைத் தாங்கும், ஆனால் மிருதுவானது, அன்றாட ஓட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சாலைக்கு 8620 எஃகே சரி.

ஆக்சிலைக் கட்டும்போது பினியன் பேரிங்குகளுக்கிடையே நசுங்கும் ஸ்லீவுக்குப் பதில் ஷிம் வைத்த திட ஸ்பேசர் போடுங்கள், அப்போதுதான் அடி விழும்போது ப்ரீலோடு (பேரிங்கின் முன்னிறுக்கம்) போகாது. 8.8-க்குப் புது பினியன் பேரிங்கில் சுழற்று இழுவை 16 முதல் 29 பவுண்ட்-அங்குலம், பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) 0.008 முதல் 0.015 அங்குலம், கிரௌன் போல்ட் சிவப்பு லாக்டைட்டோடு 70 முதல் 85 பவுண்ட்-அடி. எண்கள் சரியாக இருந்தாலும் மஞ்சள் மார்க்கிங் பசை தடவிப் பல்லின் பதிவைப் பார்க்காமல் மூடாதீர்கள். கவரில் உள்ள தாங்கு போல்ட்டுகள் கேப்பை மெல்லத் தொட்டு நின்றால் போதும், முறுக்கி இறுக்கினால் கேப்பே கோணும்.

ஹவுசிங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஆயிலை சீல் வழியாகப் பின் டயருக்குத் தள்ளும். சக்கர ஸ்டட் நட்டின் அறுகோணப் பகுதிக்குள் குறைந்தது தன் விட்ட அளவு நுழைந்திருக்க வேண்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு 1350 அளவு கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) போட்டு, முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் பாதுகாப்பு வளையம் மாட்டுங்கள்.

புது கியரை முதல் நாளே ஸ்டிரிப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். 15, 20 நிமிடம் நிதானமாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, அதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 500 மைலில் ஆயிலை வடித்து, காந்தத்தில் ஒட்டியதைப் பாருங்கள். சாம்பல் நிறக் கூழ் இயல்பானது. செதில்களோ கூர்மையான துண்டுகளோ இருந்தால் புது ஆயில் ஊற்றாமல் கவரைக் கழற்றி, பல்லின் பதிவை மறுபடி எடுங்கள்.