இம்யூன் ரெகுலேஷன்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

போன மாசம் தாம்பரம் சானடோரியத்துல எச்ஐவிக்கு கூட்டு மருந்து குடுக்கற ஏ.ஆர்.டி. சென்டருக்கு வெளிய பெஞ்சுல ஒரு அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். மாத்திரை வாங்கியாச்சு, மஞ்சப்பைக்குள்ள மாத்திரையோட இன்னொரு டப்பாவும் இருந்துச்சு, எடுத்துக் காட்டுனாங்க, மேல பெருசா ‘இம்யூனிட்டி பூஸ்டர்’னு போட்டிருக்கு. “போன தடவ கவுண்ட்டு 410 தம்பி, இந்த தடவ 385, சக்தி எறங்கிடுச்சேன்னு பயந்து வாங்கிட்டேன்”னாங்க. வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸோட அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கம்மியா இருக்குன்னு அவங்க நோட்டுலயே எழுதியிருக்கு. அக்கா சொன்னது சிடி4 கவுண்ட்டு, ஒடம்போட காவல்படைய நடத்தற ஒரு வகை வெள்ளை அணுவோட எண்ணிக்கை, அது ஒரே ஆளுக்கே காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, சளி பிடிச்சா ஒண்ணுன்னு மாறிட்டே இருக்கும், 25 கொறஞ்சதுக்கு பயப்பட ஒண்ணுமே இல்ல. அவங்கள பயமுறுத்துனது ‘சக்தி’ங்கற சொல்லுதான்னு எனக்கு தோணுச்சு. பெட்ரோல் டேங்க் மாதிரி ஒண்ணு உள்ள இருக்கு, அது காலியாகுதுன்னு நெனச்சுட்டாங்க. அதனாலதான் டாக்டருங்க சொல்ற ‘இம்யூன் ரெகுலேஷன்’ங்கறத தமிழ்ல எப்படி சொல்லலாம்னு இத எழுதறேன்.

மொதல்ல ‘இம்யூன்’. லத்தீன்ல ‘மூனுஸ்’னா ஊருக்கு செய்ய வேண்டிய கடமை, ஊழியம். அதுலேந்து விலக்கு வாங்குனவன் ‘இம்மூனிஸ்’. வெளிநாட்டு தூதருக்கு இம்யூனிட்டி இருக்குன்னு பேப்பர்ல போடறாங்கள்ல, அது அந்த பழைய அர்த்தம். நம்ம ஊர் சோழர் கல்வெட்டுல இதுக்கு அச்சா ஒரு சொல்லு கெடக்கு: இறையிலி. இறைன்னா வரி, வரி இல்லாத நிலம் இறையிலி, கோயிலுக்கு விட்ட நிலத்துக்கெல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு நோய் ஊரெல்லாம் வந்து சிலர மட்டும் தொடாம போனா அவங்க அந்த நோய்க்கு ‘இறையிலி’ன்னு ஐரோப்பாக்காரங்க நெனச்சிருக்காங்க, அவ்ளோதான். கவனிச்சீங்களா, இதுல எங்கயும் ‘சக்தி’ இல்ல, ‘எதிர்ப்பு’ம் இல்ல, சண்டையெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

‘ரெகுலேஷன்’ இன்னும் அழகு. லத்தீன் ‘ரெகுலா’ன்னா நேரான கோல், கொத்தனார் சுவத்துல வச்சுப் பாக்கற மட்டப்பலகை மாதிரி. ஆளறதுக்கான லத்தீன் சொல்லும் அதே வேர்தான். நாமளும் அதையேதான சொல்றோம், நேரா நிக்கற கோல் செங்கோல், வளைஞ்சா கொடுங்கோல்! ஆக இம்யூன் ரெகுலேஷன்னா ஒடம்போட காவல்படை செங்கோலுக்கு அடங்கி நடக்குதாங்கறதுதான் விஷயம். எப்ப கெளம்பணும், எவ்ளோ அடிக்கணும், எப்ப திரும்பி வீட்டுக்கு வரணும். இந்த ‘திரும்பி வா’ங்கற வேலைய பாக்கறதுக்குன்னே தனி டி செல்கள் (வெள்ளை அணுல ஒரு வகை) இருக்கு, அத மொதல்ல காட்டுன ஜப்பான்காரர் ஷிமோன் சகாகுச்சிக்கும், அதுக்கு பின்னாடி இருக்கற ஜீன கண்டுபிடிச்ச மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ரெண்டு பேருக்கும் 2025ல மருத்துவ நோபல் குடுத்தாங்க.

இப்ப எச்ஐவிக்கு வருவோம். நம்ம எல்லாரும் படிச்சது என்ன, வைரஸ் சிடி4 செல்ல கொல்லுது, எண்ணிக்கை 200க்கு கீழ போனா எய்ட்ஸ் கட்டம். சரிதான், ஆனா பாதி கதைதான். வைரஸ் உள்ள வந்ததும் மொத்த படையும் முழிச்சுக்குது, அப்பறம் தூங்கவே மாட்டேங்குது, வருஷக்கணக்கா கொதிச்சுட்டே இருக்கு, வைரஸ் சரியா குடியேறாத அக்கம்பக்க சிடி4 செல்களும் அந்த கொதிப்புலயே வெடிச்சு சாகுது, கொடல் சுவர்ல இருக்கற காவல் போயிடறதால உள்ள இருக்கற கிருமித் துணுக்கெல்லாம் ரத்தத்துல கசிஞ்சு கொதிப்ப இன்னும் ஏத்திவிடுது. ஆப்பிரிக்காவுல சூட்டி மாங்கபேன்னு ஒரு கொரங்கு இருக்கு, எச்ஐவியோட சொந்தக்கார வைரஸ் அதோட ரத்தத்துல ஏராளமா ஓடும், ஆனா பெரும்பாலும் எய்ட்ஸ் வராது. மொதல்ல கொஞ்ச நாள் கொதிச்சுட்டு அதோட படை அடங்கிடுது. எனக்கு இந்த ஒரு விஷயம் படிச்சப்பதான் மண்டைல ஒறைச்சுது, செல் எவ்ளோ இருக்குங்கறது மட்டும் கணக்கு இல்ல, அது அடங்கி நடக்குதாங்கறதும் கணக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. சிடி4 ரொம்ப கொறைஞ்சவங்க கூட்டு மருந்து ஆரம்பிச்சு சில வாரத்துல, செல் ஏறும்போதே காய்ச்சல் வரும், உள்ள பதுங்கியிருந்த டிபியால கழுத்து நெறிக்கட்டி வீங்கும். மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சு சில பேரு நிறுத்திடறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. தூங்கி எழுந்த படை பழைய எதிரிய பாத்து தாறுமாறா பாயறதுதான் அது, டாக்டருங்க இத ஐரிஸ்னு சொல்வாங்க, ஒடனே போய் காட்டணும், மாத்திரைய நாமளா விடக்கூடாது. சக்தி ஏறுது, சீர் இன்னும் வரல.

வைரல் லோடு அடங்குன பிறகும் அந்த கொதிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதுதான் இதயத்துக்கு கெடுதி. 2023ல வந்த ரிப்ரீவ் ஆய்வுல பிட்டாவாஸ்டாடின்னு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை எச்ஐவியோட வாழறவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்புகள சுமார் 35 சதவீதம் கொறைச்சுது. நமக்கு வேணுமான்னு அவங்கவங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? இம்யூனிட்டிக்கு ஸ்கூல் புக்குல நோய்த்தடைகாப்புன்னு இருக்கு, வெளிய எல்லாரும் சொல்றது நோய் எதிர்ப்பு சக்தி. இந்த ‘எதிர்ப்பு’லயும் ஒரு சிக்கல், மருந்துக்கு வைரஸ் மசியலன்னா அதையும் மருந்து எதிர்ப்புன்னுதான் சொல்றோம், ஒரே ரூம்ல ஒரு எதிர்ப்பு நல்லது இன்னொரு எதிர்ப்பு கெட்டது, கேக்கறவங்க கொழம்பிடறாங்க. பழைய சொல்லு ஒண்ணு ஏமம், காவல்னு அர்த்தம், எய்ட்ஸுக்கு ஏமக்குறைவு நோய்னு சில பேரு எழுதியும் இருக்காங்க. கோபத்த பத்தி பேசற குறள்ல ‘ஏமப் புணை’ வருது, காப்பாத்தற தெப்பத்தையே சினம் எரிச்சுடும்னு. மேல சொன்ன கொதிப்புக்கு, அதாவது இன்ஃபிளமேஷனுக்கு, நாம வச்சிருக்கற அழற்சியும் அழல், அதாவது நெருப்புலேந்து வந்ததுதான், அதனால எனக்கு ஏமம் ரொம்ப புடிக்கும். ஆனா பெஞ்சுல இருக்கற அக்காகிட்ட சொன்னா புரியாது, அதனால இப்போதைக்கு நோயெதிர்ப்புன்னே வச்சுக்கறேன்.

ரெகுலேஷனுக்கு ‘ஒழுங்குமுறை’ன்னா கவர்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்கு. ‘கட்டுப்பாடு’ன்னா அடக்கறது மட்டும்தான் தெரியுது, தேவைப்படறப்ப கெளப்பி விடறது விட்டுப்போகுது. ‘நெறிப்படுத்தல்’ தப்பில்ல, கட்டுரைக்கு சரி. நான் ‘சீராக்கம்’ பக்கம்: நோயெதிர்ப்புச் சீராக்கம். ஏன்னா சீர் நம்ம வாயில இருக்கற சொல்லு, ஒடம்பு சீரா இல்லன்னு பாட்டியே சொல்வாங்க, கூடுனாலும் கொறைஞ்சாலும் சீர் கெட்டதுதான்.

ஒரு கையேடு இப்ப திருத்திட்டிருக்கேன், ‘கூட்டு மருந்து எதிர்ப்பு சக்தியை அதிகரிக்கும்’னு ஒரு வரி இருந்துச்சு. ‘கூட்டு மருந்து வைரஸ அடக்கும், அதனால ஒடம்போட காவல் மெதுவா சீராகும்’னு மாத்தியிருக்கேன். அந்த அக்காவுக்கு போன்ல படிச்சுக் காட்டுனேன். “சீராகும்னா எனக்கு சீராயிடுச்சா தம்பி?”ன்னு கேட்டாங்க. வைரல் லோடு அடங்கிடுச்சுக்கா, மாத்திரைய விடாம போட்டீங்கன்னா மிச்சமும் ஆயிட்டே வரும்னேன், டப்பாவ அடுத்த தடவ வரும்போது டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னும் சொன்னேன்.