தட்டு ஏன் கடைசியில் இடப்பக்கம் சாய்கிறது?

டிஸ்க் கோல்ஃபில் மிகக் கொடுமையான மைதானம் எது, அங்கே அப்படி என்னதான் கஷ்டம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். "நீளமான மைதானம்தானே கஷ்டம்?" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அந்தப் பதில் தவறு. நீளம் கை பலத்தைச் சோதிக்கும். பலம் குறைந்தவர் கூடுதலாக ஒரு வீச்சு வீசிவிட்டுப் போய்விடலாம். ஆளை உண்மையில் நொறுக்கும் மைதானங்கள் குறிவைப்பது வேறு இரண்டு இடங்களை: தட்டு கையை விட்டுப் பிரியும் அந்த ஒன்றிரண்டு மில்லிவிநாடி, தட்டு தரையைத் தொடுவதற்கு முந்தைய கடைசி ஒரு விநாடி.

ஆட்டம் எளிமையானது. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டவர் வெற்றி. முதல் நிரந்தர மைதானத்தை எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தார். 1983இல் டேவ் டனிப்பேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய தட்டைக் கொண்டுவந்தார். இன்று டிரைவர் (தூர வீச்சுக்கான தட்டு) என்று சொல்லும் தட்டுகளெல்லாம் அதன் வாரிசுகள்: விட்டம் 21 செ.மீ. சொச்சம், எடை 175 கிராமை ஒட்டி.

முதலில் காட்டு மைதானங்கள். கென்டக்கி மாநிலம் பர்லிங்டனில் இருக்கும் ஐடில்வைல்ட், இல்லினாய் மாநிலம் மார்ட்டனில் இருக்கும் நார்த்வுட் பிளாக், டெலவேரின் அயர்ன் ஹில் ஆகிய மூன்றும் இந்த வகை. மரங்களுக்கு நடுவே வெட்டிய ஒடுக்கமான பாதை. தட்டு அதை விட்டு விலகினால் மரம். 60 மீட்டர் தள்ளி 3 மீட்டர் அகல இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையிலிருந்து பார்த்தால் அது வெறும் 2.9 டிகிரிதான். வீசும் கை விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 70 செ.மீ. ஆரமுள்ள வில்லில் சுழல்கிறது என்றால், ஒரு விநாடியில் ஏறக்குறைய 2,000 டிகிரி திரும்புகிறது. 2.9 டிகிரியைக் கடக்க ஒன்றரை மில்லிவிநாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் விரல் தட்டை விட்டாக வேண்டும். யாரும் யோசித்து விடுவதில்லை. ஆயிரக்கணக்கான முறை பழகிய தசைதான் விடுகிறது. முதல் 20 மீட்டரில் நிற்கும் 3 மீட்டர் இடைவெளி 8.6 டிகிரி, தாராளம்தான். ஆனால் அதைத் தவறவிட்டால் இழக்கும் தூரம் மிக அதிகம். நல்ல வடிவமைப்பாளர் இரண்டையும் கலந்து வைப்பார். ஒரு பாதையில் மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் பத்துக்கு எட்டு தடவை நுழைய முடியும் என்றால், மூன்றையும் தாண்டுவது பத்துக்கு ஐந்து தடவைதான்.

"மரத்தில் தொண்ணூறு சதவீதம் காற்றுதானே" என்பது இந்த ஆட்டக்காரர்களின் நிரந்தர நகைச்சுவை. கணக்கு வேறு மாதிரி. வாயு மூலக்கூறுகளுக்குப் பள்ளியில் படித்த சராசரி மோதலிடைத் தூரம் இங்கும் பொருந்தும். 30 செ.மீ. தடிமனுள்ள அடிமரம், மட்டமாகப் பறக்கும் 21 செ.மீ. தட்டுக்கு 51 செ.மீ. அகலத் தடையாகிறது. ஹெக்டேருக்கு 400 மரம் என்றால் சராசரியாக 49 மீட்டருக்கு ஒரு மோதல். 100 மீட்டர் காட்டைத் தொடாமல் கடக்கும் வாய்ப்பு 13 சதவீதம். கோல்ஃப் பந்துக்கு அதே காட்டில் 25 சதவீதம். தட்டைச் செங்குத்தாகச் சாய்த்து வீசினால் அதன் அகலம் இரண்டு செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படி வீசினால் தூரம் போகாது என்பதுதான் சிக்கல்.

இனி அந்தக் கடைசி விநாடி. வலக்கைக்காரர் பின்கையால் (பேக்ஹேண்ட்) வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றும். வேகமாகப் போகும்போது நேராகவோ சற்று வலப்பக்கமாகவோ போகும். வேகம் குறைந்ததும் தவறாமல் இடப்பக்கம் சரியும். முதலாவது டர்ன், இரண்டாவது ஃபேட். ஏன் இடப்பக்கம்?

தட்டைத் தாங்கும் காற்றழுத்தம் மொத்தமாக ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். தட்டு வேகமாக, காற்றோடு மிகச் சிறிய கோணத்தில் போகும்போது அந்தப் புள்ளி தட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தும். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கினால் காற்று அடியிலிருந்து மோதும், கோணம் கூடும், அந்தப் புள்ளி மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கும். சுழலாத தட்டாக இருந்தால் இந்த இடத்தில் மல்லாந்து குட்டிக்கரணம் போட்டிருக்கும். சுழலும் தட்டு அப்படிச் செய்வதில்லை.

தட்டைக் கடிகார முகப்பாக நினையுங்கள். மூக்கு 12 மணி. அங்கே விளிம்பின் ஒரு துணுக்குக்கு மேல்நோக்கி ஓர் அடி விழுகிறது. அடி விழுந்தால் உடனே கிடைப்பது வேகம், உயரம் அல்ல. அந்தத் துணுக்கு மேலே ஏறிக்கொண்டே சுற்றிப்போய், கால் சுற்றுக்குப் பிறகு உச்சியைத் தொடும். கால் சுற்று என்றால் 3 மணி. ஆகவே மூக்கைத் தூக்கினால் உயர்வது வலது விளிம்பு. தாழ்வது இடது விளிம்பு. தட்டு இடப்பக்கம் சாய்கிறது, தாங்கும் விசையும் கூடவே சாய்ந்து தட்டை இடப்பக்கம் இழுக்கிறது. சாய்ந்த பம்பரம் கீழே விழாமல் தலையைச் சுற்றி ஆட்டுவதும் இதே விதிதான். நம்பிக்கை வராவிட்டால் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி அச்சின் இரு முனைகளையும் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டு, ஒரு முனையை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தூக்கிய பக்கம் வராது, பக்கவாட்டில் திமிறும். மணிக்கட்டுக்குத் தெளிவாகத் தெரியும்.

எவ்வளவு வேகமாகச் சாயும்? திருப்புத்திறனை (மூக்கைத் தூக்கித் திருப்பப் பார்க்கும் விசையின் அளவு), நிலைமத் திருப்புத்திறனும் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் பிடிவாதம்) சுழல் வேகமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும் 175 கிராம் தட்டுக்கு விநாடிக்குப் பத்து, பதினைந்து டிகிரி என்ற அளவில் வருகிறது. 15 என்றே வைத்து, தாங்கும் விசை எடைக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால், சாயத் தொடங்கிய முதல் விநாடி முடிவில் தட்டு பக்கவாட்டில் விலகுவது 40 செ.மீ. சொச்சம். இரண்டாவது விநாடி முடிவில் 3.4 மீட்டர். மூன்றாவதில் 11 மீட்டரைத் தாண்டிவிடும். சாய்வு நேரத்தோடு கூடுகிறது, பக்க முடுக்கம் சாய்வோடு கூடுகிறது, விலகல் நேரத்தின் முப்படியாக எகிறுகிறது. வீசியவர் "நேராத்தான் போகுது" என்று நிம்மதியாகும் நேரத்தில் தட்டு குளத்தை நோக்கித் திரும்புவது இதனால்தான். சுழற்சி கூடினால் இந்தச் சாய்வு மெதுவாகும். தொடக்கக்காரர்களின் தட்டு சீக்கிரம் இடப்பக்கம் விழுவதற்குச் சுழற்சி போதாததே பாதிக் காரணம். மீதிப் பாதி, மூக்கைத் தூக்கிவிட்டு வீசுவது.

ஒரு பொம்மைத் தட்டுக்குக் காற்றுச் சுரங்கம் (காற்றைச் செலுத்தி விசைகளை அளக்கும் கூடம்) வேண்டுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அமெரிக்கக் கடற்படை 1960களின் இறுதியில் ஒளிக்குண்டு ஏந்திப் பறக்கும் தட்டு செய்யலாமா என்று ஆராய்ந்து, பின்னர் கைவிட்டது. 2000களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தட்டைச் சுரங்கத்தில் வைத்து இந்தத் திருப்புத்திறனைக் கோணம் கோணமாக அளந்தார்கள். உடனடிப் பயன் காட்டினால்தான் பணம் என்றிருந்தால் இந்த அளவுகள் நமக்குக் கிடைத்தே இருக்காது.

இப்போது தென் கரோலினாவின் ராக் ஹில் நகருக்கு வரலாம். 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கும் வின்த்ராப் மைதானம். புல்வெளி, ஏரி, மிஞ்சிப்போனால் சில மரங்கள்; பார்க்கச் சாதுவாக இருக்கும். கொடுமையைச் செய்வது தரையில் கிடக்கும் மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு வெளியே முழுதாக விழுந்தால் ஒரு வீச்சு அபராதம். கயிறும் வெளியேதான் கணக்கு, ஆனால் தட்டின் ஓர் ஓரம் உள்ளே தொட்டுக்கொண்டிருந்தாலும் பிழைத்தோம். காட்டில் மரம் தடுப்பதாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே தட்டை எதுவும் தடுக்காது. அதனால் ஃபேட் தன் முப்படிக் கணக்கை முழுசாக முடித்துக்கொள்கிறது.

உச்சம் 17ஆவது குழி (ஒவ்வொரு கூடைக்குமான பாதையை இங்கும் குழி என்றே சொல்வார்கள்). சுமார் 75 மீட்டர்தான், தொழில்முறை ஆட்டக்காரருக்கு அரைக்கை வீச்சு. ஆனால் கூடை நிற்பது வைக்கோல் கட்டுகள் சூழ்ந்த ஒரு தீவில். இப்படிப்பட்ட தீவுக் குழியில் தவறவிட்டால் அபராதத்தோடு மறுபடி டீயிலிருந்தே (முதல் வீச்சு வீசும் இடம்) வீசு என்று விதி வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு வீச்சு நட்டம். பத்துக்கு ஏழு தடவை இறக்குபவருக்குச் சராசரி நட்டம் 0.86 வீச்சு, பத்துக்கு ஐந்து என்றால் 2. சராசரியைவிட வால்தான் பயங்கரம்: பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளவர் எட்டுக்கு ஒரு முறை தொடர்ந்து மூன்று தடவை தவறவிடுவார். ஆறு வீச்சு போச்சு. நான்கு நாள் சம்பாதித்த முன்னிலை அந்த ஐந்து நிமிடத்தில் காலி.

தப்பிக்க வழி இறங்கும் கோணத்தில் இருக்கிறது. தாழ்வாக, மட்டமாக வரும் தட்டு தரையில் வழுக்கிக்கொண்டு வெளியேறும். ஆகவே இடது விளிம்பைத் தாழ்த்தி (இதற்குப் பெயர் ஹைசர்), உயரமாக வீசுவார்கள். ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்த தட்டு ஃபேடோடு ஒத்துப்போகும். திசை முன்கூட்டியே தெரியும். செங்குத்தாக இறங்கிச் செருகி நிற்கும். அளவு மீறிச் சாய்த்தால், காய்ந்த இறுகிய தரையில் விளிம்பில் நின்று சக்கரமாக உருண்டு கயிற்றைத் தாண்டிவிடும்.

காற்று இருந்தால் வேறு தட்டு. விநாடிக்கு 20 மீட்டரில் வீசும்போது 5 மீட்டர் எதிர்க்காற்று என்றால் தட்டு உணர்வது 25. பின்காற்று என்றால் 15. விசைகள் வேகத்தின் இருபடியாக மாறுவதால் இரண்டுக்கும் 2.8 மடங்கு வித்தியாசம். எதிர்க்காற்றில் தட்டு வலப்பக்கம் புரளப் பார்க்கும். பின்காற்றில் மிதக்காமல் பொத்தென்று சீக்கிரம் இடப்பக்கம் விழும். பையில் ஒரே மாதிரித் தட்டைப் புதிதாக ஒன்றும், அடிபட்டுத் தேய்ந்ததாக ஒன்றும் வைத்திருப்பதைச் சிலர் ராசி என்று நினைக்கிறார்கள். ராசியெல்லாம் இல்லை. மரத்தில் மோதி விளிம்பு தேயத் தேய மூக்கைத் தூக்கும் திருப்புத்திறன் குறைகிறது, ஃபேடும் குறைகிறது. எதிர்க்காற்று அடித்தால் புதுசு, பின்காற்று அடித்தால் தேய்ந்தது.