வாட்ச் தரவரிசையை நம்பி அருவியில் குளிக்காதீர்கள்

போன வாரம் என் வாட்ச் சர்வீஸ் கடைக்கு ஒருவர் தங்க வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார், கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருந்தது. ஐந்தருவியில் அதைக் கட்டிக்கொண்டே குளித்திருக்கிறார். பின்மூடியைத் திறந்தால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வாஷர் பிசுபிசுத்துக் கிடக்கிறது, டயலில் ஆறு மணிப் பக்கம் புள்ளி புள்ளியாகக் கறை, செகண்ட் முள்ளின் அடியில் துரு தொடங்கிவிட்டது. "இத்தனை லட்சம் குடுத்திருக்கேன் சார், தண்ணிகூடத் தாங்காதா?" என்று என்னோடு சண்டை. போனில் ஏதோ ஒரு சொகுசு வாட்ச் தரவரிசையை வேறு காட்டினார், இவருடைய மாடலுக்கு அதில் மூன்றாவது இடமாம். அருவிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

இந்தப் பட்டியல்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. விலையை வைத்து அடுக்க வேண்டுமா, பெயரை வைத்து அடுக்க வேண்டுமா என்று கடைக்கு வரும் பையன்கள் மணிக்கணக்கில் வாதம் செய்கிறார்கள். சரி, விலை என்றால் எந்த விலை? படேக் பிலிப் நாட்டிலஸ் 5711 என்ற ஸ்டீல் மாடலை 2021-இல் நிறுத்தினார்கள். கடை விலை முப்பதாயிரம் டாலர் சொச்சம், ஆனால் வெளிச்சந்தையில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. 2022-இல் அங்கிருந்து மளமளவென்று இறங்கத் தொடங்கியது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் மெஷினில் ஒரு திருகுகூட மாறவில்லை. உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெயரும் அப்படித்தான், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விஷயம் தெரிந்தவர்கள் படேக், ஓடமார் பிகே, வாஷரோன் என்ற மூன்று சுவிஸ் கம்பெனிகளையும்தான் மேலே வைப்பார்கள். வாஷரோன் 1755-இல் தொடங்கியது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரோலெக்ஸ் என்றால் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ரோலெக்ஸிலேயே டேடோனா 1963-இல் வந்த புதிதில் சரியாக விலைபோகாத மாடல், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ஒன்று 2017-இல் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. ஓடமார் பிகே 1972-இல் ராயல் ஓக்கைக் கொண்டுவந்தபோது, ஸ்டீல் வாட்சுக்குத் தங்க வாட்சைவிட அதிக விலையா என்று சிரித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயரை எடுப்பேன், அது உருவாக நாளாகும் என்ற ஒரே காரணத்துக்காக.

ஆனால் என் தலைவலி அது இல்லை. விலை ஏற ஏற வாட்ச் துல்லியமாகவும் உறுதியாகவும் இருக்கும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அதுதான். இதை எத்தனை தடவை சொல்வது! செல் இல்லாத மெக்கானிக்கல் வாட்சின் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சுவிஸ் நாட்டின் கறாரான குரோனோமீட்டர் சான்றிதழ்கூட ஒரு நாளைக்கு 4 செகண்ட் பின்தங்கலாம், 6 செகண்ட் முந்தலாம் என்று அனுமதிக்கிறது. செல் போட்ட சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதத்துக்கே 15 செகண்டுக்குள்தான் தவறும். சீக்கோ 1969 டிசம்பரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்றபோது அதன் விலை 4,50,000 யென். இன்றைக்கு அந்த வேலையைச் சில நூறு ரூபாய் வாட்ச் செய்கிறது. நேரம் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால் ஓசூரில் செய்யும் டைட்டன் தாராளமாகப் போதும், வருகிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்கிறேன், என் வியாபாரத்துக்கு நஷ்டம் என்றாலும். லட்சங்கள் போவது கைவேலைக்கு, தங்கத்துக்கு, பெயருக்கு. அதற்குக் கொடுப்பதில் தப்பே இல்லை, துல்லியத்துக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து சண்டை போடாதீர்கள்.

தண்ணீர் விஷயமும் அதே கதைதான். இருபது லட்சத்துக்கு மேல் விற்கும் படேக் கலத்ராவா மாடலில் தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர்தான், சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கேசியோ ஜி-ஷாக் 200 மீட்டர். அந்த 30 மீட்டரைப் பார்த்துவிட்டு முப்பது மீட்டர் ஆழம் வரை முங்கலாம் என்று எண்ணாதீர்கள், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். 100 மீட்டருக்குக் குறைவாகப் போட்டிருக்கும் எதையும் கட்டிக்கொண்டு குளிக்காதீர்கள். 100 மீட்டர் என்றாலும் வாஷர் பழசாகியிருந்தால் உபயோகமில்லை, குக்கர் கேஸ்கெட் போலத்தான், ரப்பர் இறுகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் அரிசியில் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாம், தயவுசெய்து அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

வாங்கும் முன் சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மூன்று முள் வாட்சுக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்த குரோனோகிராஃபுக்கும் செலவு வேறு, மாதக் கணக்கையும் லீப் வருஷத்தையும் தானே பார்த்துத் தேதி காட்டும் நிரந்தர நாட்காட்டி வைத்தது என்றால் சுவிட்சர்லாந்துக்கே போய்த் திரும்ப மாதக்கணக்காகலாம். வாட்ச் ராத்திரி ஒன்பதிலிருந்து மூன்று மணிக்குள் காட்டும்போது தேதியை மாற்றாதீர்கள், பல்சக்கரம் போய்விடலாம். வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தம் வைத்த போன் கவர் மேலோ வைத்திருப்பீர்கள், காந்தத்தை எடுக்க இரண்டு நிமிஷம்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்களே, பெட்டியும் வாரண்டி கார்டும் இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை, பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். உங்கள் கண்ணெதிரே பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், ஓரங்கள் மழுங்கினால் மறுவிற்பனையில் பாதிப் பேர் தொட மாட்டார்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் 1 சதவீத வரி பிடிக்க வேண்டும், அதைத் தவிர்க்க பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாத வாட்ச் திருட்டு வாட்சாக இருந்தால், சர்வீஸுக்கு வாங்கி வைத்த பாவத்துக்குப் போலீஸுக்கு நானும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.