பவளத் தொட்டி விளக்கை எதில் தொங்கவிடுகிறீர்கள்?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள, பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் ஏறக்குறைய 650 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இவ்வளவு எடையைத் தரை தாங்குமா என்று தொட்டி வாங்குகிற எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே தொட்டிக்கு மேலே, மின்சாரம் ஓடும் பத்துப் பதினைந்து கிலோ விளக்கு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் மின்பணி செய்பவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் உப்பு. பவளத் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை மோட்டாரும், நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் இரவு பகலாகக் குமிழ் கிளப்புகின்றன. குமிழ் உடையும்போது தெறிக்கும் துளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது மேலே போய் விளக்கிலும் கம்பியிலும் கொக்கியிலும் ஒட்டிக் காய்ந்து, மறுபடி ஈரமாகி, மறுபடி காயும். நம் ஊரின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

பொங்கோலில் ஒரு வீட்டில் நேரக்கருவி மாற்றப் போனபோது விளக்கின் தொங்குகம்பியைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் புதிதுபோல் பளபளப்பு. கீழே, கம்பியை மடக்கி அமுக்கியிருந்த சிறு குழாயின் வாயில் மட்டும் வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டியதும் அதற்கடியில் காப்பித்தூள் நிறத்தில் துரு. கம்பியை லேசாக முறுக்கினேன். இழைகள் ஒவ்வொன்றாக முறிந்து விரலில் குத்தின. எப்போதும் அந்த இடம்தான் முதலில் போகும், ஏனென்றால் உப்புநீர் உள்ளே இறங்கினால் வெளியேற வழியில்லை.

ஆகவே கம்பி, கொக்கி, போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 304 பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பை அது அதிக நாள் தாங்கும். துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பி வேண்டவே வேண்டாம். துருவும் துத்தநாகமும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். பித்தளைக் கொக்கியும் அப்படித்தான். அதிலுள்ள செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

அடுத்தது கூரை. ஃபால்ஸ் சீலிங் வெறும் ஜிப்சம் பலகை. அதில் விரியும் கொக்கியைப் போட்டு விளக்கைத் தொங்கவிட்டால் முதல் நாள் நிற்கும், அடுத்த மாதமும் நிற்கும். பலகை ஈரத்தில் ஊறி இளகும் நாளில்தான் விழும். பலகையைத் துளைத்து மேலே உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் உலோக போல்ட்) அடித்து, அங்கிருந்து கம்பியை இறக்குங்கள். பிளாஸ்டிக் பிளக் சுவரில் படம் மாட்டச் சரி; தலைக்கு மேலே எந்நேரமும் கீழ்நோக்கி இழுக்கும் எடைக்கு அது ஆகாது. கான்கிரீட்டுக்குள் மின்குழாய் ஓடுகிறதா என்று டிடெக்டர் வைத்துப் பார்த்த பிறகே துளையிட வேண்டும். முடிந்தால் தொட்டி வருவதற்கு முன்பே துளையிட்டுவிடுங்கள். சிமெண்ட் தூள் தண்ணீரில் விழுந்தால் காரத்தன்மை எகிறும்.

விளக்கை ஏற்றுவதற்கு முன் நான் எப்போதும் செய்வது ஒன்று. தொட்டி மேல் தடித்த பிளைவுட் போட்டு மூடி, விளக்குக்குப் பதில் தண்ணீர் கேன்களைத் தொங்கவிடுவேன். பத்து லிட்டர் கேன் பத்து கிலோ, கணக்குச் சுலபம். விளக்கின் எடையைப் போல் மூன்று மடங்கு, ஒரு நாள் முழுக்க. மறுநாள் ஆங்கர் ஒரு மயிரிழை இறங்கியிருந்தாலும் அதைப் பிடுங்கிவிட்டு வேறிடம் பார்ப்பேன். கேன் விழுந்தால் பலகைதான் நனையும். வீட்டுக்காரர்கள் சிலருக்கு இது வீண்வேலையாகத் தோன்றுகிறது. ஒரு நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று, தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி. தொங்குகம்பிகள் மாட்டிய ஆங்கர்களில் சேர்க்காமல், வேறொரு ஆங்கரிலிருந்து வந்து விளக்கின் சட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும். தொங்குகம்பி அறுந்தாலும் விளக்கு தண்ணீரைத் தொடாத நீளத்துக்கு அதை வெட்டுங்கள். திறந்த எஸ் கொக்கியைத் தவிர்த்து, திருகி மூடும் கொக்கியாகப் போடுங்கள்.

சரி, இவ்வளவு செய்தும் விளக்கு விழுந்தால்? கடல்நீர் குழாய்த் தண்ணீரைவிட நூறு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும். அந்நேரம் பவளத்தை நகர்த்த யாராவது கைவிட்டிருந்தால் காப்பாற்றக்கூடியது, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கருவி மட்டுமே. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் அது இல்லாமலே இருந்தது. அவற்றிலும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டு மின்பெட்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் இணைப்பு துண்டிக்கப்படாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.

முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி இருந்தால் ஒரு சிக்கல். நீங்கள் ஊரில் இல்லாதபோது விளக்கில் உப்பு ஏறி ஆர்.சி.சி.பி இணைப்பைத் துண்டித்துவிட்டால் மோட்டாரும் நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே மீன்கள் மூச்சுத் திணற ஆரம்பிக்கும். விளக்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனி ஆர்.சி.பி.ஓ (ஒரு இணைப்புக்கு மட்டும் அதே வேலையைச் செய்யும் கருவி) போட்டால் விளக்கின் கோளாறு மோட்டாரை நிறுத்தாது. செலவு கூடும். கூடட்டும், அந்தச் செலவு நியாயமானது.

எல்.இ.டி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் தனிப்பெட்டியாக வந்தால் அதைத் தொட்டிக்கு மேலே வைக்காதீர்கள், பக்கத்துச் சுவரில் வையுங்கள். அப்போது மேலே போவது குறைந்த வோல்ட் ஒயர் மட்டும். ஒயர் எந்தப் பக்கம் வந்தாலும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொய்ந்து மேலேறட்டும். வழிந்து வரும் நீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. பழைய மெட்டல் ஹாலைடு வகை விளக்கு வைத்திருப்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. சூடான பல்பில் ஒரு துளி பட்டாலும் அது வெடிக்கக்கூடும்.

வாடகை வீட்டில் கூரையைத் துளைக்க வழியில்லை என்பவர்கள் தொட்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் செய்த அலுமினியத் தூண்களை எழுப்பி, மேலே குறுக்குச்சட்டம் போட்டுத் தொங்கவிடலாம். கண்ணாடி விளிம்பைக் கவ்வும் கைகள் சிறிய விளக்குக்குத்தான். கனமான விளக்கு என்றால், விளிம்புப் பட்டை இல்லாத தொட்டியில் அவற்றை மாட்டாதீர்கள்.