டாக்: நாயும் இல்லை, பேச்சும் இல்லை

'டாக்' என்று தமிழில் எழுதினால் வாசிப்பவர் ஊகித்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். நாய்க்கான ஆங்கிலச் சொல்லுக்கும் அதே எழுத்து, தொலைக்காட்சி 'டாக் ஷோ'வுக்கும் அதே எழுத்து, மேலே ஐபாடையோ செல்போனையோ செருகிப் பாட்டுக் கேட்கும் 'ஸ்பீக்கர் டாக்'குக்கும் அதே எழுத்து. இங்கே பார்க்கப்போவது கடைசியாகச் சொன்னதை. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடுவதோடு, வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். சொல்லின் பொருள் பிடிபட்டாலே தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளின் கடலோடிப் பேச்சிலிருந்து வந்தது. முதலில் அது எந்தக் கட்டடத்தையும் குறிக்கவில்லை, ஒரு குழியைக் குறித்தது. ஓதம், அதாவது கடல் ஏற்றம், வற்றும்போது கப்பல் சேற்றில் அமரும். அதன் அடிப்பாகம் அழுந்திய இடத்தில் கப்பலின் வடிவிலேயே பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் டாக். பிறகு கப்பல் நிற்பதற்கென்றே வெட்டிய நீர்நிலைக்கும், மதகை மூடி நீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் உலர்துறைக்கும் அதே பெயர் போயிற்று.

நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் டாக் என்றே பெயர். ஆனால் அது வேறு சொல். ஃபிளெமிஷ் மொழியில் முயல், கோழி அடைக்கும் கூண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் 'குற்றவாளிக் கூண்டு' என்கிறோம். மொழிபெயர்த்தவர் வேரைத் தேடிப் போனாரோ இல்லையோ, சரியாக அதே பொருளில் போய் நின்றிருக்கிறார்.

கப்பலிலிருந்து சொல் விண்வெளிக்கும் ஏறியது. 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 கலத்தை ஆளில்லாத அஜீனா கலத்தோடு பொருத்தியதுதான் முதல் விண்வெளி டாக்கிங். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு சிறு செயற்கைக்கோள்களை அப்படிப் பொருத்தியபோது, நம் செய்தித்தாள்கள் 'இணைப்பு' என்று எழுதின. அங்கே அது போதும். 1992இல் ஆப்பிள் தன் பவர்புக் டுவோ மடிக்கணினிக்கு டுவோ டாக் என்ற மேசைப் பெட்டியை விற்றது. மடிக்கணினியை மூடி உள்ளே தள்ளினால் அது மேசைக் கணினி ஆகிவிடும். 2003 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாடின் (ஆப்பிளின் பாட்டுக் கருவி) அடியில் 30-பின் இணைப்பான் அமைந்தது. பின் என்பது மின்சாரமும் ஒலியும் கடக்கும் மெல்லிய உலோக முனை. அந்த இணைப்பானின் பெயரிலேயே டாக் இருந்தது. ஸ்பீக்கர் டாக் என்னும் பண்டம் பெருகியது அதற்குப் பிறகுதான்.

அந்த 30 பின்னில் என்ன இருந்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய தொல்லைகள் பல அங்கே தொடங்குகின்றன. இடது, வலது ஒலிக்கு லைன்-அவுட் பின்கள் தனியாக இருந்தன. இந்த ஒலி ஐபாடின் வால்யூமுக்குக் கட்டுப்படாமல் ஒரே அளவில் வரும். ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பதைவிட இது சுத்தம். யூஎஸ்பி வழி வரும் 5 வோல்ட்டுக்கு ஒரு பின், யூஎஸ்பி போன்ற இன்னொரு பழைய இணைப்பான ஃபயர்வயர் வழி வரும் 12 வோல்ட்டுக்கு வேறு பின்கள். 2008இல் வந்த ஐபோன் 3ஜி முதலான கருவிகள் 12 வோல்ட் வழியைக் கைவிட்டன. 12 வோல்ட் மட்டும் தரும் பழைய டாக்கில் இவற்றைச் செருகினால் பாட்டு நன்றாகவே வரும், சார்ஜ் மட்டும் ஏறாது. பழுது என்று நினைத்துப் பெட்டியைக் கழற்றுபவர்கள் உண்டு. பழுதே இல்லை, சோறு வரும் வாசல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த 30-பின் டாக்குக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டும் உண்டு. ஒவ்வொரு ஐபாடின் தடிமனுக்கும் அகலத்துக்கும் ஏற்ற குழி வெட்டிய தட்டு, பின்னால் எண் போட்டிருக்கும். கருவிக்கு உரிய தட்டைப் பொருத்தி, அதன் மேல் கருவியை இறக்க வேண்டும். சேற்றில் கப்பல் பதித்த அதே பள்ளம், உள்ளங்கை அளவில். இந்தத் தட்டைத் தொலைத்துவிட்டு வெறும் இணைப்பான் மேல் ஐபாடை நிறுத்தினால், சாயும் எடையெல்லாம் அந்த மெல்லிய பின்களின் மேல் விழும். கொஞ்ச நாளில் ஒரு பக்கப் பாட்டு மட்டும் கேட்கும், அல்லது அசைத்தால்தான் கேட்கும்.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். முதலில் கைக்கு வருவது துறை. காங்கேசன்துறை, பருத்தித்துறை, படித்துறை என்று மண்ணோடு ஒட்டிய சொல். கப்பல் டாக்குக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் 'இசைத்துறை' என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் பெட்டி நினைவுக்கு வராது. மேலும் கணினிப் பாடநூல்களில் போர்ட்டுக்குத் துறை என்ற பெயர் ஏற்கெனவே போய்விட்டது. தாங்கி என்றால் தாங்கினால் போதும், இணைக்க வேண்டியதில்லை. மேசையில் போன் சாய்த்து வைக்கும் கம்பிச் சட்டமும் தாங்கிதான். தொட்டில் நல்ல சொல், சார்ஜ் மட்டும் ஏற்றும் வகைக்கு வைத்துக்கொள்ளலாம். 'பாட்டுத் தொட்டில்' என்றால் தாலாட்டாகிவிடும். கட்டுத்தறி என்றும் யோசிக்கலாம். மேய்ந்து திரும்பிய மாட்டைக் கட்டித் தீனி போடும் இடம், பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்த போனுக்கு ஒத்துத்தான் போகிறது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி கவி பாடும் என்ற பழமொழி இந்தப் பெட்டியில்தான் உண்மையாகிறது. ஆனாலும் சிரிப்புக்கு ஆகுமே தவிர வழக்குக்கு ஆகாது.

எங்கள் தெரிவு மாடம். பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கவென்றே குடைந்த மாடக்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கும் பொருளின் அளவுக்கு வெட்டிய குழி என்ற மூலப்பொருள் அப்படியே இதில் இருக்கிறது. ஸ்பீக்கர் டாக்குக்கு ஒலிமாடம், மடிக்கணினிக்கானதுக்குச் செருகுமாடம். 'போனை ஒலிமாடத்தில் வை' என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறவில்லை. ஒலிபெருக்கி என்ற சொல்லை இதில் சேர்க்கவில்லை, காரணம் உண்டு. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கர் மின்குறிப்பை ஒலியாக மாற்றுகிறது. மைக் செட் காலத்தில் இரண்டையும் சேர்த்தே ஒலிபெருக்கி என்று பழகிவிட்டோம். கடையில் போய் ஒலிமாடம் கேட்டால் முழிப்பார்கள், அங்கே ஸ்பீக்கர் டாக் என்றே கேளுங்கள்.

போர்ட்டபிளுக்குக் 'கையடக்க' என்று போடுவதும் எல்லா இடத்திலும் சரியில்லை. ஆப்பிள் 2006இல் விற்ற ஐபாட் ஹை-ஃபைக்குக் கைப்பிடி இருந்தது, 6 பெரிய டி வகை பேட்டரியிலும் ஓடியது, எடை பேட்டரி இல்லாமலே சுமார் 6.6 கிலோ. அதைக் கையடக்கம் என்றால் கை ஒப்புக்கொள்ளாது. 'எடுத்துச்செல்லும்' என்பது பாதுகாப்பான சொல்.

வாங்கும்போது முதலில் குழியைப் பாருங்கள். 30-பின்னா, 2012இல் வந்த 8 தொடுமுனை லைட்னிங்கா, 2023இல் ஐபோன் 15 முதல் ஆப்பிளும் ஏற்றுக்கொண்ட யூஎஸ்பி-சியா? இணைப்பான் பொருந்தினாலும் போனின் உறை தடுக்கும். உறையோடு செருகினால் முனை முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாகத் தொடும், சார்ஜ் விட்டு விட்டு ஏறும். முதுகைத் தாங்கும் சாய்மானம் இருக்கிறதா, இணைப்பான் முன்பின் சற்று அசைந்து கொடுக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அசையாத இணைப்பானில் போனைத் தெரியாமல் தட்டினால், உடைவது போனின் உட்துளையாகவும் இருக்கலாம்.

ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒலிமாடம் பெருகாமல் போனதற்கும் குழிதான் காரணம். மைக்ரோ-யூஎஸ்பி துளை ஒரு போனில் அடியில் நடுவில், இன்னொன்றில் ஓரத்தில், வேறொன்றில் தலைகீழாக. ஒரே குழியில் எல்லாம் அமரவில்லை. ஒலி வெளிவர ஒரே பொது வழியும் இல்லை. எனவே செருகி சார்ஜுக்கு மட்டும், பாட்டு புளூடூத்தில் என்று பிரித்தார்கள். பிறகு செருகியும் போய் வெறும் புளூடூத் ஸ்பீக்கரே மிஞ்சியது. அதில் மாடம் கிடையாது. பெட்டியின் மேல் போன் நிற்க ஒரு கீற்று வெட்டியிருப்பதால் மட்டும் அது டாக் ஆகாது. வீடியோ பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், உதடும் பேச்சும் விலகித் தெரியலாம். கம்பியில் அந்தத் தொல்லை இல்லை.

வாட் கணக்கில் ஏமாறாமல் இருக்க ஒரு சுருக்கு வழி உண்டு. பெட்டியில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத்தை ஊதிச் சொல்லும் வாட் கணக்கு) என்று ஆயிரம் எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாமல், அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 18 வாட். போனுக்குச் சார்ஜ் 5 வாட் போனால் மீதி 13. வெப்பமாக வீணாவதையும் கழித்தால், தொடர்ந்து 10 வாட் ஒலி வந்தாலே பெரிது. பேட்டரிக்கும் இதே கணக்கு. 3.7 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 7.4 வாட்-மணி. சராசரி 2 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரம், சத்தம் கூட்டினால் இன்னும் குறையும். பேட்டரியில் ஓடும்போது போனுக்குச் சார்ஜ் ஏற்றாத மாடல்கள் பல. 4 ஏஏ பேட்டரி போடும் வகையில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8தான் கிடைக்கும், சில பெட்டிகள் சீக்கிரமே அணைந்துவிடும்.

காதால் சோதிக்க மிருதங்கம் போதும். தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி என்ற ஆழ்ந்த ஒலியும் வலந்தலையின் (வலப்பக்கத்தின்) சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கலந்து 'டப் டப்' என்று வந்தால் அடித்தொனி இல்லை, வெறும் பெட்டி அதிர்வு. போனின் வால்யூமை எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் வைத்துவிட்டு ஸ்பீக்கரில் கூட்டிக் குறைத்துக் கேளுங்கள். ஆக்ஸ் கம்பியில் (போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி) கேட்கும்போது போனைக் குறைத்து ஸ்பீக்கரைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். 2ஜியில் இருக்கும் போன் அழைப்பு வருமுன் ஸ்பீக்கரை 'டிர்ர் டிர்ர்' என்று கத்தவைத்தால், பெட்டிக்குள்ளே உலோகத் தடுப்பு போதவில்லை. ஜிஎஸ்எம் (2ஜி வகை) போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அனுப்பும் அலைதான் அப்படி ஒலியாகிறது.

பரணில் கிடக்கும் பழைய 30-பின் பெட்டியை எறிய வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் உள்ளவை அவற்றில் இருக்கின்றன. அந்த மாடத்திலேயே செருகும் சிறிய புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. வாங்குமுன் மாடம் 5 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள், 12 வோல்ட் மட்டும் தரும் பழைய பெட்டியில் ரிசீவர் உயிர்பெறாது. ஐபோன் 3ஜியோ அதற்குப் பிந்தைய 30-பின் ஐபோனோ அதில் சார்ஜ் ஏறினால் ரிசீவரும் ஓடும். பெட்டியில் ஆக்ஸ் துளையும் போனில் ஹெட்போன் துளையும் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை, 3.5 மில்லிமீட்டர் கம்பி ஒன்று போதும். அடாப்டர் தொலைந்திருந்தால் வோல்ட் சரியாக அதே எண், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ, நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படம், மூன்றையும் பெட்டியின் அடியில் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முனை உள்ளே போகிறது என்பதற்காகக் கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகினால் ஆம்ப்ளிஃபையர் சில்லே போய்விடலாம்.