ஒரு புரொஜெக்டருக்குள் நாலு தியேட்டர்

போன மாதம் ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். அமெரிக்காவில் ஐடி வேலை, சொந்த வீடு. வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு தியேட்டர் அறை கட்டிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, ஒஹாயோ பக்கம் ஒரு பண்ணையில 1946 சிம்ப்ளெக்ஸ் மெஷின் ஒண்ணு விலைக்கு வருது. எல்லாமே ஒரிஜினலாம். ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

போனேன். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது. மேலே இருந்த தலை, அதாவது பிலிமை ஓட்டும் பகுதி, சிம்ப்ளெக்ஸ் ஈ-7. அது போருக்கு முன்பே, 1938 வாக்கில் வந்த மாடல். அதன் கீழே பிலிமிலிருந்து ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட், ஆர்சிஏ கம்பெனி. பின்னால் விளக்குப் பெட்டியான லாம்ப் ஹவுஸ், டொலிடோவில் செய்த ஸ்ட்ராங் கம்பெனிச் சாமான். இத்தனையையும் தாங்கி நின்ற இரும்புக் கால், பேசாப்படக் காலத்துச் சாமான். மேல் ஸ்பூல் பெட்டியும் கீழ் ஸ்பூல் பெட்டியும் வேறு வேறு கறுப்பு.

விற்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தாத்தா தம் சின்ன ஊர் தியேட்டருக்காக இதை 1946-இல் வாங்கியது உண்மைதான். ஆனால் அவர் வாங்கியதே பழைய சாமான்.

நான் 25 வருடமாகப் புரொஜெக்டர் சர்வீஸ் பார்க்கிறேன். மதுரையில் ஆரம்பித்த வேலை, இப்போது இங்கே அமெரிக்காவில் பழைய தியேட்டர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் மெஷின் சரிபார்த்துக் கொடுப்பதில் வந்து நிற்கிறது. "ஒரிஜினல்" என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதைவிட முக்கியம், அழகுப் பொருள் என்று நினைத்து ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

35 எம்.எம். புரொஜெக்டர் என்பது கார் மாதிரி ஒரே கம்பெனி செய்து முடித்த பொருள் இல்லை. மாட்டுவண்டி மாதிரி என்று சொல்லலாம். சக்கரம் ஒரு பட்டறை, நுகத்தடி ஒரு ஆசாரி, மாடு சந்தையில். தலை சிம்ப்ளெக்ஸா, செஞ்சுரியா, மோட்டியோகிராஃபா, பிரென்கெர்ட்டா என்பது ஒரு கேள்வி. அதோடு எந்த சவுண்ட் ஹெட், எந்த ஆர்க் லாம்ப் (கார்பன் குச்சி எரியும் விளக்கு), அதற்கு டிசி மின்சாரம் கொடுக்கும் எந்த ரெக்டிஃபையர் என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். அப்படித்தான் மாட்டினார்கள்.

போருக்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு வருடம் இந்தக் கழற்றி மாட்டும் வியாபாரத்துக்குப் பொற்காலம். போர் நடந்தபோது தொழிற்சாலைகள் ராணுவ வேலைக்குத் திரும்பியிருந்தன, புது மெஷின் எளிதில் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் 1946-இல் அமெரிக்கத் தியேட்டர்களில் கூட்டம் உச்சத்தைத் தொட்டது. கையில் காசு இருந்த முதலாளிகள் புது மெஷினுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் பழையதைத் தேடினார்கள். ராணுவ முகாம்களில் ஓடிய 16 எம்.எம். மெஷின்களும் சந்தைக்கு வந்தன. போர் உபரியை விற்பதற்கென்றே 1946-இல் வார் அசெட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒரு தனி அரசு அலுவலகம் திறந்தார்கள்.

பிறகு காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன் வந்தது. முதல் டிரைவ்-இன் 1933-லேயே நியூ ஜெர்சியில் கேம்டன் பக்கம் திறந்தாயிற்று. ஆனால் போருக்குப் பின்தான் காளான் மாதிரி முளைத்தது. 1958 வாக்கில் 4,000-க்கும் மேல் இருந்தன. திறந்தவெளியில் அவ்வளவு பெரிய திரைக்குச் சின்ன ஆர்க் லாம்ப் வெளிச்சம் எப்படிப் போதும்? பெரிய கார்பன் எரியும் லாம்புகள் அங்கே போயின. மாற்றிக் கழித்த பழைய லாம்புகளைச் சின்ன ஊர் தியேட்டர்கள் வாங்கிக்கொண்டன.

அதற்குள் எதிர்க்காற்றும் அடிக்க ஆரம்பித்திருந்தது. 1948 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. புது டிவி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை அரசு 1948-இல் நிறுத்தி வைத்திருந்தது. 1952-இல் அந்தத் தடை நீங்கியதும் சின்ன ஊர்களுக்கும் டிவி போய்ச் சேர்ந்தது. மூடிய தியேட்டரின் மெஷின், நாற்காலி, ஸ்பீக்கர், பாப்கார்ன் பெட்டி எல்லாம் வியாபாரிகளின் கிடங்குக்குப் போயின. தியேட்டர் முதலாளிகள் படித்த வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்கள் முழுக்க இந்த விளம்பரம்தான்.

அந்த விளம்பரங்களின் மொழி இன்றும் மாறவில்லை. "ரீபில்ட்" என்றால் முழுதும் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கூட்டியது என்று அர்த்தம். அப்படி உண்மையாகவே செய்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்புப் பெயின்ட் அடித்து அதே பெயரில் விற்றவர்களும் உண்டு. பெயின்ட் புதிதாக மின்னினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். "உள்ளது உள்ளபடி" என்று விற்கிறவர் குறைந்தபட்சம் நேர்மையானவர்.

சரி, மெஷினை எப்படிப் பார்ப்பது? முதலில் மோட்டாரைப் போடாதீர்கள். 40, 50 வருடம் சும்மா நின்ற மெஷினில் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் விளக்கு வெளிச்சம் பிலிமில் விழும் 'கேட்' என்ற வாயிலுக்குக் கீழே, படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். அதன் பின்னால் நாலு வெட்டு உள்ள மால்டீஸ் கிராஸ் இருக்கிறது. அது நொடிக்கு 24 முறை குதித்து நிற்கும். இரண்டு மணி நேரப் படம் ஒன்றுக்கு 1,72,800 முறை. மூன்று காட்சி என்றால் ஒரு நாளில் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. தேயாமல் என்ன செய்யும்? கிராஸ் நிற்கும் நாலு நிலையிலும் ஸ்ப்ராக்கெட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். நாலிலும் ஆட்டம் ஒரே மாதிரி, மிகக் குறைவாக இருக்க வேண்டும். மூன்றில் இறுக்கம், ஒன்றில் மட்டும் தளர்ச்சி என்றால் உள்ளே கோளாறு. பற்கள் பூனை நகம் மாதிரி வளைந்திருந்தால் அந்த ஸ்ப்ராக்கெட் உங்கள் பிலிமைக் கிழிக்கும்.

ஸ்ப்ராக்கெட் பல்லில் இன்னொரு கதையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அது. 1953-இல் ஃபாக்ஸ் கம்பெனி சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. படம் அகலம், ஒலி நாலு டிராக். அந்த நாலையும் காந்தப் பட்டைகளாகப் பிலிமிலேயே பூசினார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று ஓரத்துத் துளைகளைச் சுருக்கிவிட்டார்கள். வழக்கமான பிரிண்டில் துளையின் அகலம் சுமார் 2.8 மில்லிமீட்டர், ஃபாக்ஸ் துளை 2 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பழைய பற்கள் அதில் நுழையாது. ஆகவே ஸ்கோப் போட்ட தியேட்டர்கள் எல்லா ஸ்ப்ராக்கெட்டையும் ஒல்லிப் பல்லுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தலைக்கு மேலே காந்த ஒலி படிக்கும் பெட்டி ஒன்று ஏறியது. ஸ்கோப் லென்ஸ், அகலத் திரை, பக்கத்துக்குப் பக்கம் ஸ்பீக்கர் என்று செலவு எகிறியது. நாலு டிராக் கட்டாயம் என்று முதலில் பிடித்த பிடிவாதத்தை ஃபாக்ஸ் 1954-இல் தளர்த்தியதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

எனவே "1946-லிருந்து கை படாத மெஷின்" என்று ஒருவர் காட்டும்போது அதில் ஒல்லிப் பல் ஸ்ப்ராக்கெட் இருந்தால், அவர் சொல்வது சரியில்லை. அது குறை இல்லை. ஓட்ட நினைக்கிறவர்களுக்கு நல்லதும்கூட. ஆனால் "கை படாத" விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒலிச் சாமானில் பணம் புரள்கிறது, ஏமாற்றும் அங்கேதான் அதிகம். பேசும்படம் வந்த புதிதில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தன் ஒலிக் கருவிகளைத் தியேட்டர்களுக்கு விற்கவில்லை, வாடகைக்கே கொடுத்தது. அவற்றைப் பராமரித்த சர்வீஸ் பிரிவை எடுத்து நடத்தத்தான் 1937-இல் ஆல்டெக் கம்பெனி உருவானது. பிற்காலத்தில் ஜப்பானிய இசைப் பிரியர்கள் இந்தத் தியேட்டர் ஹார்ன்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் தேடித்தேடி வாங்க, குப்பைக்குப் போக இருந்த சாமான் தங்கத்தட்டில் ஏறியது. அந்த ஆம்ப்ளிஃபையர்களில் இருந்த 300பி வால்வு என்றாலே விலை பறக்கிறது. பெயர் அச்சைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், அச்சு அடிப்பது சுலபம். நான் பார்த்த ஒரு "ஜோடி"யில் ஒன்று நிஜம், ஒன்று நேற்றுப் பிறந்தது.

இனி ஆபத்து. இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பழைய மெஷினோடு டப்பா டப்பாவாகப் பிலிமும் சேர்த்துத் தருவார்கள், "சும்மா வச்சுக்கோங்க" என்று. அது சுலபமாகத் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். கோடக் எளிதில் தீப்பிடிக்காத புது அசிடேட் பிலிமை 1948-இல் கொண்டுவந்து, 1951-இல் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய 35 எம்.எம். எதையும் நைட்ரேட் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை, ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்குள்ளும் எரியும், புகை நச்சு. அந்தக் கால மெஷினில் ஸ்பூலை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, வாயில் உருளைகள் வைத்ததும், ஆபரேட்டர் ரூம் ஜன்னலுக்கு இரும்புக் கதவு போட்டதும் இதற்குத்தான். ஓரத்தில் "சேஃப்டி" என்று எழுதியிருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். நெகட்டிவில் இருந்த எழுத்து பிரிண்டிலும் பதிவாகும். பிசுபிசுப்பு, பழுப்புத் தூள், மூக்கைத் துளைக்கும் நாற்றம் இருந்தால் தொடவே வேண்டாம். வினிகர் வாசம் அடித்தால் அது வேறு, அசிடேட் கெட்டுப்போன வாசம். தீக்குச்சி வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு அறிவாளி யோசனை சொல்வார், அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். தபாலில் அனுப்பாதீர்கள். தீயணைப்புத் துறையையோ ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ கூப்பிடுங்கள்.

ஆர்க் லாம்புக்குப் போகும் வயர்களைச் சுற்றி வெள்ளையாகத் துணி மாதிரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைப் பிய்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்த ஒருவரின் வீட்டுக்கு நான் போனபோது, தூள் தரையெல்லாம் கிடந்தது, பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு உரிமம் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். ரெக்டிஃபையரில் சிலவற்றில் பாதரசக் குழாய் இருக்கும், சிலவற்றில் செலினியத் தட்டு. செலினியம் கருகினால் வரும் புகையைச் சுவாசிக்கவே கூடாது. எண்ணெய் நிரப்பிய பழைய கண்டென்சர்களில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்க வாய்ப்பு உண்டு, ஒழுகினால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபையரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ளே தங்கியிருக்கும். கார்பன் எரிவதை வெறும் கண்ணால் பார்ப்பது வெல்டிங்கைப் பார்ப்பதற்குச் சமம். அதன் புகைக்கு வெளியே போகும் குழாய் வேண்டும். வீட்டுக்குள் ஆர்க் எரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்யலாம், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டியது கிட்டத்தட்ட 20 ஓடும். பாட்டெல்லாம் ஒப்பாரி ஆகிவிடும். மோட்டாரையோ கியரையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாற்காலி பற்றியும் கேட்பார்கள். தியேட்டர் நாற்காலியின் கால், அந்தத் தியேட்டர் தரையின் சரிவுக்கு ஏற்ற கோணத்தில் செய்தது. சமதளத்தில் போட்டால் உட்காருகிறவர் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்வார். 1950-களில் மூடிய தியேட்டர்களிலிருந்து நூற்றுக்கணக்கில் வாங்கிப்போன முதலாளிகளுக்கும் இதே தலைவலிதான். வாங்குமுன் எந்தச் சரிவில் இருந்தது என்று கேளுங்கள், அகலத்தையும் அளந்து பாருங்கள். ஒரே வரிசையிலேயே இரண்டு மூன்று அகலம் இருக்கும், முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க அப்படிக் கலந்து போடுவார்கள்.

அந்தத் தம்பியின் மெஷினுக்கு வருகிறேன். மால்டீஸ் கிராஸ் நாலு நிலையிலும் சுத்தமாக நின்றது. ஸ்ப்ராக்கெட் ஒல்லிப் பல், அதாவது 1953-க்குப் பிறகும் அந்தத் தாத்தா செலவு செய்து தியேட்டரை ஓட்டியிருக்கிறார். தலை, சவுண்ட் ஹெட், இரும்புக் கால் மூன்றுக்கும் சேர்த்துக் கேட்ட விலையில் பாதிக்குப் பேசி முடித்தோம். ரெக்டிஃபையரை வேண்டாம் என்றோம். லாம்ப் ஹவுஸை, வயர்களைக் கழற்ற ஆள் வந்த பிறகு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த லாம்ப் ஹவுஸுக்குள் எல்இடி விளக்கு வைத்தால் அவருக்குப் போதும்.

வைக்கோலுக்கு அடியில் ஆறு டப்பாக்கள் இருந்தன. மூன்றாவதைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் ஏறியது. மூடிவிட்டு வெளியே வந்து, விற்கிறவரிடம் தீயணைப்பு நிலையத்தின் எண்ணைக் கேட்டேன். "அது நாப்பது வருஷமா அங்கேதான் கிடக்கு" என்றார் அவர், சிகரெட்டைப் பற்றவைத்தபடி.